பிளேடா லேசரா என்று கேட்கும் முன் கருவிழியை அளந்துவிடுங்கள்

தருமபுரியில் கண்ணாடிக் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஃபிரேமைப் போட்டுப் பார்த்துக்கொண்டே கண்ணாடியில் முகம் தெரியும்போது கண்ணாடியை விட்டுவிட லேசர் அறுவை செய்துகொள்வது பற்றி மெதுவாக ஒரு கேள்வி வரும்: "ஏண்ணா, பிளேடே இல்லாம லேசர்லயே பண்ணிடறாங்களாமே, பண்ணிக்கலாமா?" கண்ணாடி விற்கிறவனிடம் போய் இதைக் கேட்கிறோமே என்ற தயக்கம் அந்தக் குரலில் இருக்கும். தயங்க வேண்டியதே இல்லை. பவர் பார்க்கப் படித்தவன் நான், அறுவை செய்யும் டாக்டர் இல்லை. ஆனால் பண்ணிக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களையும், பண்ணியிருக்கக் கூடாதவர்களையும் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் என் அக்கா மகளே அந்தக் கேள்வியோடு வந்தாள். இருபத்தாறு வயது, ஓசூரில் வேலை. வலது கண்ணில் மைனஸ் 5.50, கூடவே சிலிண்டர், அதாவது கருவிழியின் வளைவு ஒரு திசையில் கூடியிருப்பதற்கான பவர், மைனஸ் 1. இடது கண் கொஞ்சம் குறைவு. "மாமா, மூணு பேக்கேஜ் சொல்றாங்க. பிளேடு லேசிக் ஒரு ரேட்டு, பிளேடு இல்லாதது ஒரு ரேட்டு, அதுக்கு மேல ஸ்மைல். எதை எடுக்கட்டும்?" என்றாள். அவள் கேட்ட விதத்திலேயே தப்பு இருந்தது. அது அவள் தப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் பார்த்துப் போன ஒரு மருத்துவமனையில் அவளுடைய கருவிழியை ஒழுங்காக அளப்பதற்கு முன்பே விலைப்பட்டியலை நீட்டியிருக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி வேறு. அன்று காலை வரை அவள் கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் இருந்தது. அதைக் கழற்றிய கையோடு ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். லென்ஸ் அழுத்திக் கிடந்த கருவிழி தன் சொந்த வடிவத்துக்குத் திரும்ப நாளாகும். மென்மையான லென்ஸ் என்றால் ஓரிரு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரம்கூட விட்டுத்தான் அளக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது உள்ளே இருக்கும் லென்ஸ் இல்லை, முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் கருவிழிதான். அதன் கனம் நடுவில் அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். மைக்ரானில் சொன்னால் பலருக்கு 500-லிருந்து 560 வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிட்டப்பார்வை உள்ளவருக்குக் கண் பந்து நீண்டிருப்பதால் வெளிச்சம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. கருவிழியின் நடுவைக் கொஞ்சம் தட்டையாக்கிவிட்டால் அது பின்னால் தள்ளிக் குவியும். எல்லா லேசர் முறைகளும் செய்வது இந்த ஒரு வேலையைத்தான். எந்த வாசல் வழியாக உள்ளே போய்ச் செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

செதுக்குகிற லேசருக்கு எக்ஸைமர் என்று பெயர். 193 நானோமீட்டர் புற ஊதாக்கதிர். சூட்டில் கருக்காமல் திசுவை மட்டும் மெல்லியதாக ஆவியாக்கும் இதன் குணத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்தார். 1981 நவம்பரில், விருந்தில் மீந்த வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்து வந்து அதன்மேல் இந்தக் கதிரைப் பாய்ச்சினார். சுற்றிலும் கருகாமல், கத்தியால் வெட்டியதைவிடச் சுத்தமாகப் பள்ளம் விழுந்தது. அவருக்கும், அவரோடு வேலை பார்த்த ஜேம்ஸ் வின், சாமுவேல் புளும் இருவருக்கும் சேர்த்து 2013-ல் அமெரிக்காவின் தேசிய தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும்.

அந்த எக்ஸைமர் கதிரை நேரடியாக மேற்பரப்பிலேயே பாய்ச்சினால் அது பி.ஆர்.கே. கருவிழியின் மேல் தோல் சுமார் 50 மைக்ரான். அதை மருந்து தொட்டு வழித்தோ லேசராலேயோ நீக்கிவிட்டு அடியில் செதுக்குவார்கள். தோல் சில நாளில் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கருவிழியின் மேலடுக்கை மடலாக வெட்டித் தூக்குகிற வேலையே இல்லாத முறை இது. 'பிளேடு இல்லாதது' என்று இன்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதற்கு முன்பே இருந்த மூத்த முறை. ஆனால் அந்தப் பெயரில் இதை யாரும் விற்பதில்லை. காரணம் வலி. தோல் வளரும் மூன்று நாலு நாள் கண்ணில் மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி எரியும், தண்ணீர் கொட்டும், வெளிச்சம் பார்க்க முடியாது. தெளிவு முழுதாக வரச் சில வாரங்கள்.

வலியில்லாமல் செய்ய வந்ததுதான் லேசிக். கருவிழியின் மேலடுக்கை ஒரு மடல் போல வெட்டி, ஒரு ஓரத்தில் ஒட்டு விட்டு, புத்தக அட்டையைப் புரட்டுவது மாதிரி புரட்டி, அடியில் எக்ஸைமரால் செதுக்கி, மடலைத் திரும்ப மூடுவது. மேல் தோல் அப்படியே இருப்பதால் வலி சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மறுநாள் காலை சுவர்க் கடிகாரம் தெரியும். இந்த மடலை ஆரம்பத்தில் மோட்டார் வைத்த சின்ன பிளேடால் வெட்டினார்கள். ஆசாரி மரத்தில் இழைப்புளி ஓட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான். நல்ல கையில் அருமையாக வரும். ஆனால் மடல் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் வரும் சுபாவம் உண்டு. அரிதாக நடுவில் ஓட்டை விழும், அல்லது ஒட்டு அறுந்து மடல் தனியாக வந்துவிடும்.

பிளேடு இல்லாத லேசிக் என்பது இந்த மடலை வெட்டும் வேலையை மட்டும் இன்னொரு லேசரிடம் கொடுத்தது. அதன் பெயர் ஃபெம்டோ. ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் ஃபெம்டோ நொடி. அப்படிச் சில நூறு ஃபெம்டோ நொடி மட்டுமே நீடிக்கும் துடிப்புகள். இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். மேற்பரப்பைத் தொந்தரவு செய்யாமல் உள்ளே போய், குறி வைத்த ஆழத்தில் மட்டும் குவிந்து, மைக்ரான் அளவில் ஒரு குமிழியை உண்டாக்கும். பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. அஞ்சல்தலைத் தாளில் துளைவரிசை போட்டிருப்பார்களே, அது மாதிரி ஒரே ஆழத்தில் லட்சக்கணக்கான குமிழிகள் வரிசையாக விழுந்து ஒரு தளமே பிரிந்துவிடும். 100, 110 மைக்ரான் என்று டாக்டர் கேட்கும் கனத்தில் மடல் சீராக வரும். இப்படிச் சுருக்கமான, சக்திவாய்ந்த துடிப்புகளை உண்டாக்கும் வழியைக் கண்ட ஜெரார் முரு, டோனா ஸ்ட்ரிக்லண்ட் இருவருக்கும்தான் 2018 இயற்பியல் நோபலில் பாதி கிடைத்தது.

ஆக, பிளேடு இல்லை என்றால் வெட்டே இல்லை என்று பொருள் இல்லை. மடல் மடல்தான். பிளேடு மடலோ ஃபெம்டோ மடலோ, சில மாதம் கழித்துப் பார்வைக் கூர்மையை அளந்தால் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இருப்பதில்லை. ஃபெம்டோவின் நன்மை மடலின் கனத்தை நம்பிக் கணக்குப் போடலாம் என்பதிலும், மடல் கெட்டுப்போகும் விபத்து குறைவு என்பதிலும் இருக்கிறது. கருவிழி கொஞ்சம் மெலிந்தவருக்கு அந்த நம்பகம் பெரிய விஷயம். தாராளமான கனமும் சின்ன பவரும் உள்ளவருக்கு, விலை வித்தியாசத்துக்கு ஏற்ற வித்தியாசம் கிடைக்காமலும் போகலாம்.

ஸ்மைல் கொஞ்சம் வேறு. அதில் எக்ஸைமரே கிடையாது. ஃபெம்டோவே கருவிழிக்குள் மேலே ஒரு தளம், கீழே ஒரு தளம் என்று வெட்டி, நடுவில் மெல்லிய லென்ஸ் வடிவத் துண்டைப் பிரிக்கும். ஓரத்தில் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் கீறல் வழியாக டாக்டர் அதை உருவி எடுத்துவிடுவார். லேசிக் மடலின் ஓரம் கிட்டத்தட்ட இருபது மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டப்படுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். வெட்டு சிறியது என்றால் அறுபடும் நரம்பும் குறைவு. அதனால் ஆரம்ப மாதங்களில் கண் வறட்சி குறைகிறது. புரட்டும் மடல் இல்லாததால் அடிபட்டு நகரும் பயமும் இல்லை. கபடி ஆடுகிற பையன் என்றால் நான் இதையோ பி.ஆர்.கே.யையோதான் டாக்டரிடம் கேட்கச் சொல்வேன். விரல் கண்ணில் பட்டு மடல் நகர்வது வருடங்கள் கழித்தும் நடக்கக்கூடியது. ஸ்மைலின் குறை, பவர் மீதி நின்றுவிட்டால் லேசிக் மாதிரி மடலைத் தூக்கி மறுபடி தொட முடியாது. பெரும்பாலும் மேலே பி.ஆர்.கே. செய்துதான் சரிக்கட்டுவார்கள். கிட்டப்பார்வைக்கும் சிலிண்டருக்கும்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். தூரப்பார்வை, அதாவது பிளஸ் பவர் உள்ளவர்கள் இந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

இப்போது அந்தக் கணக்கு. இரண்டு வாரம் லென்ஸ் போடாமல் இருக்கச் சொல்லி, சேலத்தில் வேறொரு டாக்டரிடம் அக்கா மகளை நானே அழைத்துப் போனேன். கருவிழியின் மேடு பள்ளத்தை நிறங்களாகக் காட்டும் படம் ஒன்று எடுப்பார்கள், டோபோகிராபி. சீரான படம் பார்க்க அமைதியாக இருக்கும். நடுவில் கீழ்ப்பக்கம் சிவப்பு திரண்டு நின்றால் டாக்டர் முகம் மாறும், கருவிழி கூம்பாகப் பிதுங்கத் தொடங்கியிருக்கலாம் என்பதால். அவளுடைய படம் சீராக இருந்தது. கனம் 496.

டாக்டர் பேனாவை எடுத்துப் பிரிஸ்கிரிப்ஷன் தாளின் பின்பக்கம் எழுதினார். ஆறரை மில்லிமீட்டர் வட்டத்தில் செதுக்க ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான் போகும். ஐந்தரையும் சிலிண்டர் ஒன்றும் சேர்த்து ஆறரை. அதனால் 91. ஃபெம்டோ மடல் 110. இரண்டையும் கழித்தால் மடலுக்கு அடியில் 295 மிச்சம். 250-க்குக் கீழே போகவே கூடாது, 300-ஐ ஒட்டி இருந்தால்தான் தனக்குத் தூக்கம் வரும் என்றார் அவர். இன்னொரு கணக்கும் போட்டார். மடலும் செதுக்கலும் சேர்த்துத் தொட்ட 201, மொத்தத்தில் நாற்பது சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்தக் கோட்டைத் தாண்டினால் பிற்காலத்தில் கருவிழி தளர்ந்து பிதுங்கும் ஆபத்து கூடும் என்பது அவர்கள் வைத்திருக்கும் எச்சரிக்கை. ஸ்மைலுக்குத் துண்டின் மேலே நிற்கும் மூடி 120, எடுக்கும் துண்டு 110-க்கும் மேல். அடியில் மிஞ்சுவது 260-ஐ ஒட்டித்தான். ஸ்மைலில் வலுவான மேலடுக்கு அதிகம் வெட்டுப்படாமல் இருப்பதால் அதை அப்படியே லேசிக்கோடு எண்ணுக்கு எண் வைத்துப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னார். ஆனாலும் இவளுக்கு அவர் மனம் ஒப்பவில்லை. பி.ஆர்.கே.யில் மடலே கிடையாது. 50 தோல் போய் வளர்ந்துவிடும், 91 செதுக்கினாலும் அடியில் 355.

மூன்று பேக்கேஜில் எதை எடுப்பது என்று வந்தவளுக்கு, அந்த மூன்றிலும் இல்லாத நாலாவதுதான் பொருந்தியது. விலையிலும் அது கீழே இருந்தது. அதற்குக் கொடுக்க வேண்டிய விலை வேறு: ஒரு வாரம் லீவு, வலி, மாதக்கணக்கில் சொட்டு மருந்து, வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி. செதுக்கிய இடத்தில் வெயில் பட்டால் மங்கல் படரலாம். சித்திரை வெயிலில் செய்ய வேண்டாம், மார்கழியில் வைத்துக்கொள்வோம் என்று அக்கா சொன்னதை டாக்டரும் சரி என்றார்.

எல்லோருக்கும் பி.ஆர்.கே. என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 550 கனமும் மைனஸ் மூன்றும் இருந்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கும். அப்போது வேலைக்கு எவ்வளவு சீக்கிரம் திரும்ப வேண்டும், கண் எவ்வளவு வறட்சி, கையில் எவ்வளவு பணம் என்று பார்த்து முடிவு செய்யலாம். பர்கூர் பக்கம் கிரானைட் குவாரித் தூசியில் நிற்கிறவருக்கும், ஓசூரில் ஏசி அறையில் நாள் முழுக்கத் திரை பார்க்கிறவருக்கும் கண் ஈரத்தை முதலில் சோதிக்க வேண்டும். கீழிமையில் சின்னத் தாள் செருகி ஐந்து நிமிடம் உட்கார வைப்பார்களே, அந்தச் சோதனை. ஏற்கெனவே வறண்ட கண்ணில் நரம்பை அறுத்தால் மேலும் வறளும். பெரும்பாலோருக்கு ஆறு மாதம் ஒரு வருடத்தில் சரியாகும், சிலருக்குச் சொட்டு மருந்து துணையாகவே இருந்துவிடும்.

பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிப் போகும் ஓட்டுநர் ஒருவர் என் வாடிக்கையாளர். முப்பத்தெட்டு வயது, மைனஸ் 2.25. இரவில்தான் வண்டி. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எதிர் வெளிச்சம் அடிக்கும்போது மழையில் கண்ணாடி நனைந்தால் தொல்லை, அதனால் லேசர் பண்ணிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். இருட்டில் கண் பாப்பா விரியும். செதுக்கிய வட்டத்தின் ஓரம் வரை விரிந்தால் விளக்கைச் சுற்றி வளையமும் சிதறலும் தெரியும். பலருக்கு மாதங்களில் குறையும். ஆனால் அவர் பிழைப்பே அந்த இருட்டில்தான் இருக்கிறது. இன்னொன்று, இரண்டு வருடத்தில் அவருக்குச் சாளேசுவரம், அதாவது கிட்டத்து எழுத்து மங்கும் வெள்ளெழுத்து, தொடங்கும். இன்றைக்கு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணால் பில் படிக்கிறார், அறுபதிலும் படிப்பார். லேசர் செய்துகொண்டால் அந்த வசதி போய், படிக்கத் தனிக் கண்ணாடி வாங்க வேண்டியிருக்கும். நான் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு போட்ட கண்ணாடி ஒன்றும், வண்டியில் வைத்துக்கொள்ள இன்னொன்றும் செய்து கொடுத்தேன். இதில் எனக்கு வியாபாரம் நடந்தது உண்மைதான். வியாபாரம் இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

மைனஸ் பத்து, பன்னிரண்டு என்று இருப்பவர்களுக்குச் செதுக்கக் கருவிழி பத்தாது. அவர்களுக்கு ஐ.சி.எல்., கண்ணின் சொந்த லென்ஸுக்கு முன்னால், கருவிழிக்குப் பின்னால் வைக்கும் மெல்லிய செயற்கை லென்ஸ். கருவிழியைக் குறைக்காது, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். கண்ணுக்குள் இடம் போதுமா என்று அளக்க வேண்டும், கண் அழுத்தத்தையும் புரை வருகிறதா என்பதையும் வருடா வருடம் பார்க்க வேண்டும். செலவில் இதுதான் உச்சம். காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பார்வைக் குறை 7.5-க்குக் கீழே என்றால் அதைச் சரிசெய்யும் செலவு பாலிசிகளில் விலக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் பவர் உள்ளவர்கள் பாலிசித் தாளை எடுத்துக் கேட்டுப் பார்ப்பது வீண் போகாது.

கான்டாக்ட் லென்ஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கல்யாணம், விளையாட்டு என்று அளவாகப் போடுகிறவர்களுக்கு நல்லது. போட்டுக்கொண்டு தூங்குகிறவர்களும், குழாய்த் தண்ணீரில் கழுவுகிறவர்களும் லேசரைவிடப் பெரிய ஆபத்தைத் தினமும் எடுக்கிறார்கள்.

இப்போதைக்கு வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வது சிலரிடம். பதினெட்டு நிறையாதவர்கள். ஒரு வருடமாவது பவர் ஒரே அளவில் நிற்காமல் ஏறிக்கொண்டே இருப்பவர்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள். சிலிண்டரும் அதன் கோணமான ஆக்சிஸும் ஒவ்வொரு முறையும் மாறி வருகிற, எந்நேரமும் கண்ணைக் கசக்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் நான் கண்ணாடிகூடக் கொடுப்பதில்லை, முதலில் டோபோகிராபி எடுத்து வரச் சொல்வேன். அது கூம்புக் கருவிழியாக இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு, சீக்கிரம் பிடித்தால் நிறுத்தலாம். அந்தக் கண்ணில் லேசிக் செய்துவிட்டால் கேடு. பவர் கூடியவர்கள் பாப்பாவை விரித்து விழித்திரையையும் பார்த்துவிட வேண்டும். முன்னால் கருவிழியைத் தட்டையாக்கியதால் பின்னால் கண் குட்டையாகிவிடாது. விழித்திரை கிழியும் அபாயம் முன்பு இருந்த அளவு அப்படியே இருக்கும்.

ஊரையும் கணக்கில் சேருங்கள். தருமபுரியிலிருந்து பெங்களூரு 130 கிலோமீட்டர் சொச்சம், சேலம் அதில் பாதி. மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று போய் வர வேண்டும். பி.ஆர்.கே. என்றால் புண் மேல் வைத்த கட்டு லென்ஸை எடுக்க நாலாம் ஐந்தாம் நாள் ஒரு நடை கூடுதல். கண் கூசும் நேரத்தில் பஸ்ஸில் தனியாகப் போக முடியாது, கூட ஒருவர் வேண்டும். கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம், அரூர்க்காரர்களுக்குச் சேலம் பக்கம். இரவில் திடீரென்று வலித்தால் யாரிடம் ஓடுவது என்று கேட்டுவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். சில வாரங்களுக்கு ஒகேனக்கல் எண்ணெய்க் குளியலும் அருவியும் கிடையாது. கிணற்றில் குதிக்கிற பையன்களுக்கும் இதையே சொல்லி வையுங்கள்.

அவளுக்கு மார்கழியில் நடந்தது. நான் வெளியே கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்றேன். மரத்துப்போகச் சொட்டு, இமை மூடாமல் பிடிக்க ஒரு கம்பி, மேலே பச்சை விளக்கு. "அந்தப் பச்சையையே பாரும்மா" என்ற குரல் மட்டும் கேட்டது. ஒரு கண்ணுக்குச் செதுக்கல் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முடி கருகின மாதிரி வாசனை வந்தது என்று பிறகு சொன்னாள். இரண்டாம் நாள் ராத்திரிதான் மோசம். அக்கா விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் ஈரத்துணியை நெற்றியில் மாற்றிக்கொண்டிருந்தாள், "உன் பேச்சைக் கேட்டது தப்பா போச்சுடா" என்று எனக்குப் போனில் திட்டும் விழுந்தது. ஐந்தாம் நாள் லென்ஸை எடுத்தார்கள். மூன்றாம் வாரம் வரை எழுத்துக்கு நிழல் இருந்தது. மாசி பிறந்தபோது கடைக்கு வந்து, சுவரில் மாட்டியிருக்கும் அட்டையில் கடைசி வரிக்கு முந்தின வரியைப் படித்தாள்.

அன்று அவளிடம் ஒரு வேலை சொன்னேன். செய்வதற்கு முன் எடுத்த எல்லா அளவுகளையும், கருவிழியின் வளைவு, கனம், பழைய பவர் எல்லாவற்றையும் நகல் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வை. அறுபது வயதில் புரை வந்து உள்ளே லென்ஸ் வைக்க நேர்ந்தால், செதுக்கிய கருவிழியில் அந்த லென்ஸின் பவரைக் கணக்கிடுவது சிரமம். அன்றைய டாக்டர் முதலில் கேட்கப்போவது இந்தத் தாளைத்தான். அக்கா அதை வாங்கி, பீரோவில் வீட்டுப் பட்டாவும் மகளின் ஜாதகமும் இருக்கும் தட்டில் வைத்துப் பூட்டிவிட்டாள்.